யாருக்கும் வேண்டாத உளுவை

முன்னொரு காலத்தில், மீன்கள் பேசாமல் நத்தைகள் மட்டும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், செங்கழுநீர் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் ஒரு வழக்கம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிந்து தனித்தனியாக வீடு கட்டினால், எல்லா வாசலும் ஒரே முற்றத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். ஒருவன் வாசலில் நின்றால் மற்றவன் வாசல் தெரிய வேண்டும். முகம் பார்த்து வாழ்ந்தால் பாசம் வளரும் என்று ஏதோ ஒரு ராஜா எப்போதோ சட்டம் போட்டுவிட்டுப் போனான். அவனுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அதனால் தைரியமாகப் போட்டுவிட்டான்.

அப்படி ஒரு முற்றம். அதைச் சுற்றி மூன்று வீடுகள். மூத்தவன் பெருமாளப்பன், அவன் மனைவி பூங்காவனம். நடுவில் பிறந்தவன் தில்லையப்பன், அவன் மனைவி செண்பகவடிவு. கடைக்குட்டி குழந்தையப்பன், அவனுக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செண்பகவடிவை எல்லோரும் வடிவு என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். இது அவள் கதை.

பெருமாளப்பன் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும். தில்லையப்பன் நேர்மாறு. ஜாடியை மூடினால்கூடச் சத்தம் வராமல் மூடுவான். வடிவை ஒரு நாளும் 'டீ' போட்டுப் பேசியதில்லை. என் வீட்டுக்காரர் சொக்கத்தங்கம் என்று வடிவு நம்பினாள். முற்றத்தில் இறங்கினால் மட்டும் அந்தத் தங்கமும் சேர்ந்து கத்தும். "அவங்க ரெண்டு பேரும் கிளப்பி விடறாங்க, பாவம் இவர் என்ன பண்ணுவார்" என்று அவளே அதற்கும் சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

சண்டை முற்றத்துக்காகத்தான். காலையில் கதவைத் திறந்தால் எதிரே அண்ணன் முகம், பக்கத்தில் தம்பி முகம். ஒருவன் நெல்லைக் காயப்போட்டால் இன்னொருவன் மாட்டைக் கொண்டுவந்து கட்டுவான். மூன்றாமவன் இரண்டையும் தள்ளிவிட்டுக் கட்டிலைப் போடுவான். "என் இடம்!" என்பான் ஒருவன். "என் இடம்!" என்பான் அடுத்தவன். "என் இடம்!" என்பான் மூன்றாமவன். பொழுது விடிந்தால் இதுதான், பொழுது போனாலும் இதுதான்.

ஒரு நாள் உச்சிவெயிலில் கோடாலிக்கொண்டை போட்ட ஒரு மாயாவி அந்தப் பக்கமாக வந்தான். தலையில் பெரிய மூட்டை. உடம்பெல்லாம் வேர்வை.

"அப்பா, கொஞ்ச நேரம் இந்த மூட்டையை இறக்கி வெச்சுக்கட்டுமா? ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போயிடறேன்" என்றான்.

பெருமாளப்பன் பக்கம் மூட்டையைக் கொண்டுபோனான். "எடு, என் இடம்!" தில்லையப்பன் பக்கம் கொண்டுபோனான். "எடு, என் இடம்!" குழந்தையப்பன் பக்கம் கொண்டுபோனான். "எடு, என் இடம்!"

மாயாவிக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே? மூட்டையைத் தொப்பென்று நடு முற்றத்தில் போட்டான். கொண்டையை அவிழ்த்து ஒரு உதறு உதறினான். முற்றத்தின் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி எழும்பி நின்றது. உள்ளே தண்ணீர், அடியில் மணல். மூன்று அண்ணன் தம்பிகளையும் காணோம். மணல்மேல் மூன்று உளுவை மீன்கள் வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. மூன்றும் ஒரே அச்சு. ஒரே பழுப்பு நிறம், ஒரே முட்டைக்கண்.

"தரைக்குத்தானே அடிச்சுக்கிட்டீங்க? தரையிலேயே கிடங்க!" என்றான் மாயாவி.

பூங்காவனமும் வடிவும் ஓடிவந்து அவன் காலில் விழுந்தார்கள். பெண்கள் அழுவதைக் கண்டதும் அவனுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது.

"அழாதீங்க. ஒரு வழி இருக்கு. சூரியன் கிளம்பினதுலேருந்து அடையற வரைக்கும், ஒரு முழுப் பகல், மூணு பேரும் இந்தத் தொட்டியில ஒருத்தரை ஒருத்தர் கடிக்காம இருக்கணும். இருந்தா மனுஷங்களாயிடுவாங்க. ஐப்பசி முதல் மழைக்குள்ள இது நடக்கணும். மழை விழுந்தா தொட்டி உடையும், மூணும் ஆத்தோட போயிடும். அப்புறம் மீன் மீன்தான். நடுவுல ஒண்ணு செத்துப்போனாலும் மிச்ச ரெண்டும் மீனாவே கிடக்கும்."

"இதுல எது யாருன்னாவது சொல்லிட்டுப் போங்க சாமி" என்றாள் வடிவு.

"உன் புருஷனை உனக்குத் தெரியாதா?" என்று சிரித்தான் மாயாவி. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு நத்தையை எடுத்துத் தொட்டிக்குள் போட்டான். "கண்ணாடியைச் சுத்தம் பண்ண ஒரு ஆள் வேணும்ல?" என்றான். அடுத்த கணம் அவனும் இல்லை, அவன் மூட்டையும் இல்லை.

ஒரு பகல்தானே, இது என்ன பெரிய காரியம் என்றுதான் வடிவு முதலில் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் தொட்டிக்குள் ஒரு மீன் இன்னொன்றின் வாலைப் பிடித்துக் கடித்தது. குபுகுபுவென்று ஒரு குமிழி மேலே வந்தது. குமிழி உடைந்ததும், "என் இடம்!" என்று சத்தம் கேட்டது. மூன்றுக்கும் குரல்கூட ஒன்றாகத்தான் இருந்தது.

நாலைந்து நாளில் மூன்றுக்கும் அடையாளம் வந்துவிட்டது. ஒன்று முரடன். நடு மணலில் கால் நீட்டிப் படுத்தவன் மாதிரி கிடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் துரத்தியது. இன்னொன்று அடி வாங்கி அடி வாங்கித் துடுப்பெல்லாம் நைந்துபோன மீன். அதற்குக் கிழிசல் என்று பெயர் வைத்தார்கள். மூன்றாவது ஒரு மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, நான் இங்கே இல்லவே இல்லை என்பதுபோல் கிடந்தது. அது ஒதுங்கி.

"அந்தக் கிழிசல்தான்டி எங்க வீட்டுக்காரர்" என்றாள் பூங்காவனம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சத்தம் போடுவாரே தவிர அவருக்குக் கைநீட்டத் தெரியாது."

"இல்லக்கா, அது இவர். திருப்பிக் கடிக்கக்கூட மனசு வராம கிடக்கார் பாருங்க" என்றாள் வடிவு.

"அப்ப அந்த முரடன்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குழந்தையப்பன்தான்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். கல்யாணம் ஆகாதவன், கேட்க ஆளில்லை, அப்படித்தான் இருப்பான். கிழிசலுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். ஒதுங்கி கூட யாராவது ஒருத்தராக இருக்கலாம் என்று விட்டுவைத்தார்கள். கடிக்கிற மீன் மட்டும் யாருக்கும் வேண்டாத மீனாகப் போனது.

சண்டையை நிறுத்த முதலில் யோசனை சொன்னது பூங்காவனம். "இடம் பத்தலடி. தண்ணி ஊத்துவோம். தண்ணி கூடினா இடமும் கூடும்." இரண்டு பேரும் இடுப்பொடியக் கிணற்றில் இறைத்து, குடம் குடமாகக் கொண்டுவந்து விளிம்பு வரை ஊற்றினார்கள். மீன்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடியில் கிடந்தபடியே கடித்துக்கொண்டன.

கண்ணாடியில் பாசி தின்றுகொண்டிருந்த நத்தை கொம்பை நீட்டியது. "தரையில வாழறவனுக்கு மேல தண்ணி இருந்தா என்ன, மேகம் இருந்தா என்ன? அவனுக்கு வேண்டியது தரை."

பூங்காவனம் குடத்தைக் கீழே போட்டுவிட்டாள். "ஐயோ, இந்த நத்தையும் பேசுது!"

"பேசாம? மூணு பேர் அடிச்சுக்கறதைப் பார்த்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்றியா? என்னால தூங்க முடியல" என்று எரிந்து விழுந்தது நத்தை.

வடிவு யோசித்தாள். தரைதான் வேண்டும் என்றால், ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்துவிட்டால் போகிறது. மூன்று கொட்டாங்கச்சிகளை எடுத்தாள். மூன்றும் ஒரே அளவு. ஒன்றைவிட ஒன்று பெரிதென்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் மீன் நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டினாள். மணலில் கவிழ்த்து வைத்தாள். எப்படி வைத்தாள் தெரியுமா? செங்கழுநீர் நாட்டுப் பெண் வேறு எப்படி வைப்பாள்? மூன்று வாசலும் நடு மணலைப் பார்த்தபடி, ஒன்றுக்கொன்று முகம் தெரியும்படி அழகாக வைத்தாள். பூங்காவனம் ஒரு குச்சியால் அளந்து பார்த்துத் தலையாட்டினாள்.

மீன்கள் ஆளுக்கொரு வீட்டில் நுழைந்தன. வடிவுக்கு உச்சி குளிர்ந்தது. அரை நாழிகை ஆகவில்லை. முரடன் வாசலில் தலையை நீட்டினான். எதிரே கிழிசலின் தலை தெரிந்தது. பாய்ந்தான். குபுகுபு. "என் இடம்!" முன்பாவது ஓடித் திரிந்த இடத்தில் கடித்துக்கொண்டார்கள். இப்போது வீடு புகுந்து கடித்தார்கள்.

"நான் என்ன தப்பு பண்ணினேன்? மூணு பேருக்கும் சமமாத்தானே கொடுத்தேன்?" என்று வடிவு கண்கலங்கினாள்.

நத்தை கண்ணாடியில் நிதானமாக இறங்கி வந்தது. "சமமாத்தான் கொடுத்தே. நான் ஒண்ணு கேக்கறேன். நாள் பூரா எதிராளி மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தா உனக்கு எப்படி இருக்கும்?"

"எங்க ஊர்ல அப்படித்தான் இருப்போம்" என்றாள் வடிவு.

"உங்க ஊர்ல எப்படி இருக்கீங்கன்னு பார்த்துட்டுத்தானே நான் இங்க வந்து விழுந்திருக்கேன்" என்றது நத்தை. சொல்லிவிட்டுத் திரும்பிப் பாசி தின்னப் போய்விட்டது.

வடிவுக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு நிமிர்ந்து மூன்று வீட்டு வாசலையும் பார்த்தாள். மறுநாள் காலையிலேயே மூன்று மீன்களையும் வலைத்துண்டால் அள்ளி ஒரு குடத்தில் விட்டாள். தொட்டிக்குள் இறங்கினாள். கொட்டாங்கச்சிகளை இடம் மாற்றி வைத்தாள். ஒரு வாசல் கிழக்கே, ஒன்று மேற்கே, ஒன்று சுவரைப் பார்த்து. நடுவில் கருங்கற்களைக் குவித்து, வேலம்பாசிக் கொடியை நட்டு, ஒருவன் வாசலிலிருந்து இன்னொருவன் வாசல் தெரியாதபடி மறைத்தாள். பூங்காவனம் பதறிப்போனாள். "ராஜா சட்டம்டி! வாசலைத் திருப்பறியே!"

"ராஜாவா வந்து இதைப் பார்க்கப்போறார்?" என்றாள் வடிவு.

குடத்தில் கையை விட்டதும் முதலில் சிக்கியது முரடன். அவனைத் தொட்டிக்குள் விட்டாள். பிறகு மற்ற இரண்டையும் விட்டாள். ஆச்சரியம்! சத்தமே இல்லை. புது ஊருக்குக் குடிவந்தவர்கள்போல மூன்றும் தயங்கித் தயங்கித் திரிந்தன. எது யார் இடம் என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய இடம் இருந்தால்தானே பழைய சண்டை! காலை போனது, உச்சி வந்தது. பூங்காவனம் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாள்.

அங்கேதான் வடிவு ஒரு காரியம் செய்தாள். மூன்று மாவுருண்டைகளைக் கையில் எடுத்தாள். அவள் மனசு கிழிசல் பக்கம்தான் ஓடியது. பாவம், எத்தனை நாள் பட்டினியோ என்று மூன்றையும் கிழிசல் இருந்த கொட்டாங்கச்சி வாசலிலேயே போட்டுவிட்டாள். உருண்டைகள் மணலில் இறங்கின. வாசனை பிடித்து முதலில் வந்தவன் முரடன். முதலில் தொட்டியில் இறங்கியவனும் அவன்தான் இல்லையா? அதற்குள் தொட்டி முழுக்கச் சுற்றிப் பார்த்து, எல்லாம் தன்னுடையது என்று முடிவுகட்டி வைத்திருந்தான். சோறும் கிழிசல் வாசலில், கோபமும் கிழிசல் வாசலில். அன்று நடந்ததைச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் கலங்கித் தெளிந்தபோது கிழிசல் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"கொன்னுட்டான்! என் புருஷனைக் கொன்னுட்டான்!" என்று பூங்காவனம் மாரில் அடித்துக்கொண்டாள்.

வடிவுக்கு அழக்கூட வரவில்லை. தன் கையால் போட்ட உருண்டை அது. முரடனை ஒரே அள்ளாக அள்ளினாள். வாய் அகன்ற மண்சட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி அதில் தனியாகப் போட்டாள்.

"கிட இங்கேயே" என்றாள்.

புண் ஆறட்டும் என்று தொட்டியில் வாதாமரச் சருகுகளை ஊறவிட்டாள். தண்ணீர் கஷாய நிறத்துக்கு மாறி உள்ளே வெளிச்சம் குறைந்தது. கிழிசல் இரண்டு நாள் அசையாமல் கிடந்தது. மூன்றாம் நாள் ஒரு துணுக்கு மாவைத் தின்றது. நைந்த துடுப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் புதுத்தோல் வந்தது. ஒதுங்கி மூலையை விட்டு வெளியே வந்து, மீனான நாளிலிருந்து முதல்முறையாக நடு மணலில் ஒரு சுற்றுச் சுற்றியது.

சட்டிக்குள் முரடன் ஒன்றும் தின்னவில்லை. துரத்த ஆளில்லாமல் சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு அதையும் நிறுத்திவிட்டான். கோபம் இருந்தாலும் வடிவுக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் சட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து உருண்டையைக் கிள்ளிப் போடுவாள்.

"தம்பி, உனக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சிருந்தா இப்படி ஆகியிருக்க மாட்டே. எங்க தப்புதான்" என்பாள். "உங்க நடு அண்ணனைப் பாரு. எவ்வளவு பொறுமை! அத்தனை அடி வாங்கினாரே, ஒரு தடவை திருப்பிக் கடிச்சாரா? அவர்கிட்ட நீ கத்துக்கணும்."

முரடன் சட்டியின் அடியில் அசையாமல் கிடந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். தொட்டிக்குள் நத்தைக்கு ஏனோ இருமல் வரும்.

வானம் கறுக்கத் தொடங்கியது. ஐப்பசி பிறந்துவிட்டது. ஒரு பிற்பகல், தெற்கே மேகம் திரண்டு நிற்கும்போது, மாயாவி வந்து முற்றத்தில் நின்றான். இந்தமுறை மூட்டை இல்லை.

"வானத்தைப் பார்த்தியா பெண்ணே? நாளைக்கு மழை வந்துடும். உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஒண்ணு பண்ணலாம். உன் புருஷன் எதுன்னு விரலை நீட்டிக் காட்டு. அவனை மட்டும் இந்த நிமிஷமே மனுஷனாக்கித் தரேன். மிச்சம் ரெண்டையும் நான் கொண்டுபோயிடறேன்."

வடிவு தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். விரல் தானாக எழுந்தது. தொட்டிப் பக்கம் நீண்டது. கிழிசல் கண்ணாடிக்கு அருகில்தான் கிடந்தது. நீட்டிவிட்டால் போதும், இன்று சாயங்காலமே வீட்டில் விளக்கேற்றி அவனுக்குச் சோறு போடலாம்.

எதிர்வீட்டுப் படியில் பூங்காவனம் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாயாவி வந்தது அவளுக்குத் தெரியவில்லை. கிழிசலுக்கென்று தனியாகச் சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டி, ஊதி ஊதி முறத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வடிவு விரலை மடக்கிக்கொண்டாள்.

"என்ன?" என்றான் மாயாவி.

"வேண்டாம் சாமி. இவரைக் கூட்டிக்கிட்டு உள்ள போய் நான் கதவைச் சாத்திக்கலாம். காலையில திறக்கணும்ல? திறந்தா எதிர்ல அக்கா வாசல். அந்த முகத்துல நான் எப்படி முழிப்பேன்? தந்தா மூணு பேரையும் தாங்க. இல்லாட்டி ஒரு பகல் பாக்கியிருக்கு, நானே பார்த்துக்கறேன்."

எதிரெதிர் வாசல் வைக்கச் சொன்ன ராஜாவை நான் முதலில் கிண்டல் செய்தேன். செய்ததுதான். ஆனால் அந்த ஒரு பிற்பகலுக்காக அவனைக் கொஞ்சம் மன்னித்துவிடலாம் என்று தோன்றுகிறது. மாயாவி வடிவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "உன் இஷ்டம்" என்றான். போய்விட்டான்.

வடிவு பூங்காவனத்திடம் ஓடினாள். "அக்கா, அந்த மாவை அப்புறம் பிசையலாம். கொட்டாங்கச்சி எத்தனை கிடைக்குமோ அத்தனையும் கொண்டாங்க."

மூன்று பேருக்கு மூன்று வீடு போதாது என்று அவளுக்கு இப்போது புரிந்திருந்தது. ஒருவன் தன் வீட்டை விட்டு ஓட நேர்ந்தால் ஒளிந்துகொள்ள வேறு வீடு காலியாக இருக்க வேண்டும். அடுப்பங்கரையிலிருந்தும் கொல்லையிலிருந்தும் கொட்டாங்கச்சி, மூக்குடைந்த கலயம், கூரை ஓடு என்று அள்ளிக்கொண்டு வந்தார்கள். கிழிசலையும் ஒதுங்கியையும் வெளியே எடுத்து, தொட்டிக்குள் இருந்ததையெல்லாம் தலைகீழாக மாற்றி வைத்தாள் வடிவு. போன தடவை எங்கே வீடு இருந்ததோ அங்கே இப்போது பாசி. எங்கே வெற்றிடமோ அங்கே இப்போது கல். எந்த வாசலும் எந்த வாசலையும் பார்க்கவில்லை.

மறுநாள் விடியும்போது முதலில் கிழிசலை விட்டாள். அது மெல்லச் சுற்றிப் பார்த்து ஓட்டுக்கு அடியில் ஒரு இடம் பிடித்தது. அடுத்து ஒதுங்கி. அது கலயத்துக்குள் போனது. இருவரும் உட்கார்ந்து மூச்சு வாங்கும் வரை பொறுத்திருந்தாள். சூரியன் கிளம்பும் நேரத்துக்குக் கடைசியாக முரடனைச் சட்டியோடு தூக்கி வந்தாள்.

"தம்பி, இன்னைக்கு நீதான் விருந்தாளி. விருந்தாளி மாதிரி நடந்துக்கோ" என்று சொல்லிச் சட்டியைச் சாய்த்தாள்.

முரடன் இறங்கினான். நடு மணலைத் தேடினான். நடு மணலே இல்லை. அங்கே ஒரு கல் நின்றது. சுற்றிக்கொண்டு போனால் பாசி. பாசியைத் தாண்டினால் ஓடு. ஓட்டுக்கு அடியில் கிழிசலின் முகம்.

பூங்காவனம் வடிவின் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெரிந்தது. இரண்டு மீன்களும் மூக்கோடு மூக்கு வைத்தபடி நின்றன. கிழிசல் நடுங்கியது, ஆனால் நகரவில்லை. அது அதன் வீடு. முரடனின் வாய் திறந்தது, மூடியது. பிறகு அவன் மெல்லப் பின்னுக்கு நகர்ந்தான். தொட்டியின் கோடியில் ஒரு கொட்டாங்கச்சி காலியாகக் கிடந்தது. அதற்குள் போய் வாலைச் சுருட்டிக்கொண்டான்.

உச்சியில் இருவரும் மூன்று மூலையில் மூன்று உருண்டைகளை ஒரே நேரத்தில் போட்டார்கள். வடிவுக்கு இரண்டு கை, பூங்காவனத்துக்கு ஒன்று. ஒரு உருண்டைகூட இடம் மாறி விழவில்லை. யாரும் யார் சோற்றையும் தேடிப் போகவில்லை. ஒரு குமிழிகூட மேலே வரவில்லை.

ஆனால் மேகம் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் வானம் முழுக்கக் கறுத்து, காற்று தூக்கியது. இடி உருண்டது. சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பூங்காவனம் தொட்டிக்கு மேலே தன் சேலைத்தலைப்பை விரித்துப் பிடித்தாள், அதனால் மழை நின்றுவிடும் என்பதுபோல.

"நத்தையாரே, சூரியன் அடைஞ்சாச்சா?" என்று கேட்டாள் வடிவு.

"இன்னும் கொஞ்சம்" என்றது நத்தை.

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்போ?"

"அடைஞ்சாச்சு" என்றது நத்தை. பூங்காவனத்தின் சேலைமேல் முதல் துளி விழுந்தது.

தொட்டி படீரென்று உடைந்தது. தண்ணீர் முற்றமெல்லாம் புரண்டு ஓடியது. சேற்றில் மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கலயத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தவன் பெருமாளப்பன். தெருக்கோடி வரை கேட்கும் குரலுக்குச் சொந்தக்காரன்தான் மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்த ஒதுங்கி! பூங்காவனம் சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே கலயத்தைக் கழற்றினாள்.

ஓட்டுக்குப் பக்கத்தில் காதோரம் கிழிந்து, தோளெல்லாம் தழும்போடு உட்கார்ந்திருந்தவன் குழந்தையப்பன்.

ஒரு கீறல்கூட இல்லாமல், கோடியில் தலையைக் குனிந்துகொண்டிருந்தவன் தில்லையப்பன்.

வடிவு அப்படியே நின்றாள். சந்தோஷம் ஒரு பக்கம் இழுத்தது, கோபம் ஒரு பக்கம் இழுத்தது. எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.

"நீங்களா?" என்றாள்.

"நான்தான்" என்றான் தில்லையப்பன், யாருக்கும் கேட்காத குரலில். "சட்டிக்குள்ள இருந்து நீ பேசினதெல்லாம் கேட்டேன் வடிவு. என்னைப் பத்தி என்கிட்டயே சொன்னே." கையிலிருந்த சேற்றை வழித்துவிட்டான். "மாயாவி வந்தப்பவும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். உன் விரல் தொட்டிப் பக்கம் போச்சு. சட்டிப் பக்கம் வரல. அதோட தீர்ந்தோம்னு நினைச்சேன்."

வடிவு தன் விரலைப் பார்த்தாள். அந்த விரலை நீட்டியிருந்தால் கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போயிருப்பாள். இவனையும் பெரியவரையும் மாயாவி கொண்டுபோயிருப்பான். அக்காவுக்காக மடக்கிய விரல் தன் தாலியைக் காப்பாற்றியிருக்கிறது.

"எது நீங்கன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

"தெரிஞ்சிருந்தாலும் அதைக் காட்ட உனக்கு மனசு வந்திருக்காது. அப்படித்தான் இருந்தேன்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வடிவு பொய் சொல்லவில்லை. "எழுந்திருங்க, மழையில நனையாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த முற்றத்தில் விழுந்த தண்ணீர் வடியவே இல்லை. மழையோடு மழையாகத் தேங்கிக் குளமாகிவிட்டது. நத்தை அதிலேயே குடியேறிக்கொண்டது. சண்டை போட இடமும் இல்லை, இனிச் சண்டை போட அவர்களுக்கு வாயும் இல்லை. அடுத்த தையில் குழந்தையப்பனுக்குப் பெண் அமைந்தது. பெண் பார்க்கப் போனது யார் தெரியுமா? தில்லையப்பன்தான்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று ராத்திரி எல்லோருக்கும் வடிவு வீட்டில்தான் சோறு. பெருமாளப்பனும் பூங்காவனமும் உட்கார்ந்தார்கள். குழந்தையப்பன் காதில் மஞ்சள் பற்றோடு சுவரோரம் உட்கார்ந்தான். வடிவு இலை போட்டாள். தில்லையப்பன் மட்டும் நின்றுகொண்டே இருந்தான். அது அவன் கட்டின வீடு, அவன் வாங்கின பாய்.

"நான் எங்க உட்காரட்டும்?" என்று கேட்டான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அப்படிக் கேட்டதில்லை. வடிவு சோற்றுப் பானையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"முதல்ல தம்பிக்குப் போடுங்க. போட்டுட்டு, அவன் பக்கத்துல உட்காருங்க. அவன் சரின்னு சொன்னா" என்றாள்.

தில்லையப்பன் பானையோடு குனிந்தான். குழந்தையப்பன் அவனை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தன் பாயில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

அவர்கள் வயிறார உண்டு வாழ்ந்தார்கள். கேட்ட நீங்களும் அப்படியே வாழுங்கள்.